ரெய்டு கண்ட்ரோலரைக் கட்டளை வரியிலிருந்து கண்காணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ரெய்டு என்பது பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பிக்கும்படி வைக்கும் ஏற்பாடு. அப்படிச் சேர்ந்த தொகுப்பு அர்ரே, அதை நடத்தும் கார்டு கண்ட்ரோலர். லினக்ஸ் சர்வரில் இருக்கும் மெகாரெய்டு குடும்பக் கண்ட்ரோலரை வைத்தே பெரும்பாலான பதில்கள் அமைந்திருக்கின்றன. மற்றவை தேவைப்படும் இடத்தில் வரும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிஎஃப் கட்டளை எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. கண்ட்ரோலரைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

எவ்வளவு இடம் காலி என்று காட்டும் டிஎஃப் பார்ப்பது கோப்பு முறைமையை மட்டும். அதற்குக் கீழே, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் எஸ்டிஏ கூட நிஜ டிஸ்க் இல்லை. நான்கோ எட்டோ டிஸ்குகளைச் சேர்த்துக் கண்ட்ரோலர் உருவாக்கிக் கொடுக்கும் மெய்நிகர் டிஸ்க் அது. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் செத்தாலும், ரெய்டு 6-இல் இரண்டு செத்தாலும் எஸ்டிஏ வழக்கம்போல் படிக்கும், எழுதும். அதற்காகத்தானே பணம் கொடுத்து ரெய்டு வாங்கினோம்!

ஆகவே ஒரு டிஸ்க் போன செய்தி இயங்குதளத்தின் வழியாகத் தானே வந்து சேரும் என்று காத்திருக்கக் கூடாது. கர்னல் லாகில் டிரைவர் சில வரிகளை எழுதும்தான். ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பவருக்கு முதல் டிஸ்க் போன செய்தி பெரும்பாலும் இரண்டாவது டிஸ்க் போகும்போதுதான் தெரியவரும்.

பெட்டியைத் திறக்காமல் எந்தக் கண்ட்ரோலர் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டி, வெளியீட்டில் ரெய்டு என்ற சொல்லைத் தேடுங்கள். மெகாரெய்டு, ஸ்மார்ட் அர்ரே, அடாப்டெக் போன்ற பெயர்களில் ஒன்று கிடைக்கும். வெறும் சாட்டா கண்ட்ரோலர் மட்டுமே தெரிந்தால், நீங்கள் ரெய்டு என்று நினைத்துக்கொண்டிருப்பது லினக்ஸின் மென்பொருள் ரெய்டாக இருக்கலாம். அதற்கான கேள்வி கீழே இருக்கிறது.

மெகாசிஎல்ஐ, ஸ்டோர்சிஎல்ஐ, பெர்க்சிஎல்ஐ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எது?

குழப்பத்துக்குக் காரணம் நிறுவனங்கள் கைமாறியதுதான். மெகாரெய்டு கார்டுகளைத் தயாரித்தது எல்எஸ்ஐ நிறுவனம். எல்எஸ்ஐயை 2014-இல் அவாகோ வாங்கியது. அவாகோ 2016-இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. மெகாரெய்டு கார்டுகளுக்கு முதலில் இருந்தது மெகாசிஎல்ஐ. அதன் இடத்துக்கு வந்தது ஸ்டோர்சிஎல்ஐ. 9600 வரிசைக் கார்டுகளுக்கு ஸ்டோர்சிஎல்ஐ2 வேண்டும். டெல் சர்வர்களின் பெர்க் கார்டுகளுக்குப் பெர்க்சிஎல்ஐ. பெயரைத் தவிர்த்துப் பார்த்தால் கட்டளைகள் ஏறக்குறைய ஸ்டோர்சிஎல்ஐ போலவே இருக்கும்.

எச்பி ஸ்மார்ட் அர்ரேயில் எச்பிஏசியுசிஎல்ஐ என்று தொடங்கியது எச்பிஎஸ்எஸ்ஏசிஎல்ஐ ஆகி, இப்போது எஸ்எஸ்ஏசிஎல்ஐ. அடாப்டெக்குக்கு ஆர்க்கான்ஃப். பழைய மெகாசிஎல்ஐ இன்றும் பல கார்டுகளில் ஓடும். ஆனால் அதன் கட்டளை அமைப்பை மனப்பாடம் செய்யச் சொல்லி யாரையும் துன்புறுத்த மாட்டேன்.

ஒரே ஒரு கட்டளைதான் நினைவில் நிற்கும் என்றால் எதை வைத்துக்கொள்வது?

ஸ்டோர்சிஎல்ஐ /சி0 ஷோ. சி0 என்பது முதல் கண்ட்ரோலர். மெய்நிகர் டிஸ்குகள், நிஜ டிஸ்குகள், பேட்டரி என்று மூன்றுக்கும் தனித்தனி அட்டவணை வரும். மெய்நிகர் டிஸ்கின் நிலை ஆப்டிமல் என்பதன் சுருக்கமாக இருந்தால் நலம். டீகிரேடட் என்பதன் சுருக்கமாக இருந்தால் ஒரு டிஸ்க் குறைகிறது. ஆஃப்லைன் என்றால் தரவை அணுகவே முடியாது.

நிஜ டிஸ்க் வரி 252:3 என்று தொடங்கும். 252 டிஸ்குகள் செருகியிருக்கும் கூண்டின் எண், 3 அதில் உள்ள இடம். இடங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் இது நான்காவது டிஸ்க். அடுத்து வரும் எண் டிஸ்கின் சாதன எண். ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) பற்றிய கேள்வியில் அது தேவைப்படும். 4 டிபி டிஸ்க் 3.637 டிபி என்று காட்டினால் பதற வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கருவி 1024-ஆல் வகுக்கிறது.

வெளியீட்டின் மேலே ஸ்டேட்டஸ் சக்ஸஸ் என்று வருகிறது. அப்படியானால் அர்ரே நலம்தானே?

இல்லை. அதிகம் பேர் விழும் குழி இதுதான். அந்த வரி, நீங்கள் கேட்ட கேள்விக்குக் கண்ட்ரோலர் பதில் சொல்லிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. பதில் “இரண்டு டிஸ்க் செத்துவிட்டன” என்று இருந்தாலும் மேலே சக்ஸஸ் என்றே இருக்கும். கட்டளை திருப்பித் தரும் வெளியேறு எண்ணும் அப்படியே பூஜ்யமாக இருக்கும். சக்ஸஸ் என்ற சொல்லைத் தேடி நிம்மதி அடையும் ஸ்கிரிப்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை ஒருநாளும் எச்சரிக்கை அனுப்பப் போவதில்லை.

சரி, மெய்நிகர் டிஸ்க் ஆப்டிமல் என்றே இருக்கிறது. இப்போதாவது விட்டுவிடலாமா?

ஆப்டிமல் என்பது இந்த நிமிடம் எல்லா டிஸ்கும் கூட்டில் இருக்கின்றன என்ற செய்தி. நாளை எது கிளம்பப் போகிறது என்பதைச் சொல்லாது. நேற்று என்ன நடந்தது என்பதையும் சொல்லாது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஹாட் ஸ்பேர், அதாவது பழுதானதன் இடத்துக்குத் தானாக வரும் உபரி டிஸ்க், வைத்த அர்ரேயில் இரவு பத்து மணிக்கு ஒரு டிஸ்க் போகிறது. ஸ்பேர் உடனே உள்ளே வந்து ரீபில்ட் (போன டிஸ்கின் தரவை அதில் மீண்டும் எழுதுவது) தொடங்குகிறது. டிஸ்க் சிறியதாக இருந்தால் விடிவதற்குள் முடிந்தும் விடுகிறது. காலை எட்டு மணிக்குப் பார்ப்பவருக்கு மறுபடியும் ஆப்டிமல். ஸ்பேர் தீர்ந்துபோனது யாருக்கும் தெரியாது. ஸ்டெப்னியை மாட்டிய கையோடு அது காலி என்பதை மறந்துவிட்டு நெடுஞ்சாலையில் போவது போலத்தான்.

ஆகவே நிலைச் சொல்லோடு இன்னும் மூன்றைப் பாருங்கள்: இருக்க வேண்டிய ஹாட் ஸ்பேர்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு டிஸ்கின் பிழைக் கணக்கு, கேஷ் (கண்ட்ரோலரின் தற்காலிக நினைவகம்) பேட்டரியின் நிலை.

மீடியா எரர், அதர் எரர், பிரிடிக்டிவ் ஃபெயிலியர் என்று மூன்று கணக்குகள் வருகின்றன. எதற்குப் பயப்பட வேண்டும்?

ஸ்டோர்சிஎல்ஐ /சி0/இஆல்/எஸ்ஆல் ஷோ ஆல் என்று கேட்டால் ஒவ்வொரு டிஸ்குக்கும் இவை வரும். மீடியா எரர் என்றால் டிஸ்கின் பரப்பில் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்று பொருள். அதர் எரர் பெரும்பாலும் போக்குவரத்துக் கோளாறு: கேபிள், பின்புறப் பலகை, மின்சாரம், நேரம் கடந்த கட்டளைகள். ஒரே டிஸ்கில் அதர் எரர் ஏறினால் அந்த டிஸ்கைச் சந்தேகிக்கலாம். எல்லா டிஸ்கிலும் ஒன்றாக ஏறினால் டிஸ்குகளை மாற்றிப் பயனில்லை, கேபிளைப் பாருங்கள். பிரிடிக்டிவ் ஃபெயிலியர் என்பது டிஸ்க் தானாகவே கையைத் தூக்கிவிட்டது என்பதற்கு அடையாளம். அது பூஜ்யத்தைத் தாண்டினால் மாற்று டிஸ்க் கேட்டு எழுதிவிடுங்கள்.

மீடியா எரரில் எண்ணைவிட ஓட்டம் முக்கியம். மூன்று மாதமாக 2 என்றே நிற்கும் டிஸ்க் இன்னும் பல காலம் உழைக்கக்கூடும். திங்களன்று 2, புதனன்று 9, வெள்ளியன்று 40 என்று போகும் டிஸ்குக்கு அடுத்த திங்கள் சந்தேகம். ஸ்கிரிப்ட் முந்தைய எண்ணைச் சேமித்து வைத்து ஒப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

அர்ரே ஆப்டிமல், டிஸ்கில் பிழை இல்லை. ஆனால் டேட்டாபேஸ் திடீரென்று நத்தை வேகத்தில் ஊர்கிறது. ஏன்?

முதலில் பேட்டரியைப் பாருங்கள். எழுத வரும் தரவைக் கண்ட்ரோலர் தன் கேஷில் வாங்கிக்கொண்டு “எழுதிவிட்டேன்” என்று உடனே சொல்வது ரைட்பேக். மின்சாரம் போனால் அந்தத் தரவு அழியாமலிருக்கப் பேட்டரி வேண்டும். புதிய கார்டுகளில் கேஷ்வால்ட் என்ற ஏற்பாடு உண்டு. மின்தேக்கி தரும் சிறிது நேர மின்சாரத்தில் கேஷ் முழுவதும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு நகர்ந்துவிடும். பேட்டரியோ மின்தேக்கியோ பழுதானால், வழக்கமான அமைப்பில் கண்ட்ரோலர் பாதுகாப்புக்காக ரைட்த்ரூவுக்கு மாறிவிடும். எழுதப்படும் ஒவ்வொன்றும் டிஸ்குக்குப் போய்த் திரும்பிய பிறகே பதில் வரும். சுழலும் டிஸ்குகளில் இதன் அடி பலமாக இருக்கும்.

ஸ்டோர்சிஎல்ஐ /சி0/சிவி ஷோ ஆல் அல்லது பழைய பேட்டரிக்கு /சி0/பிபியு ஷோ ஆல் என்று கேளுங்கள். பழைய பேட்டரிகள் அவ்வப்போது தம்மை முழுதும் காலி செய்து நிரப்பிச் சோதித்துக்கொள்ளும். அந்தச் சில மணி நேரமும் வேகம் குறைவது இயல்பு. பேட்டரி செத்தாலும் ரைட்பேக்கிலேயே நில் என்று கட்டாயப்படுத்தும் அமைப்பும் இருக்கிறது. வேகத்துக்காக அதைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் ஒரு மின்தடையில் அழப்போகிறார்கள்.

கண்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு டி என்ற தெரிவில் மெகாரெய்டு, காற்புள்ளி, சாதன எண் என்று கொடுக்க வேண்டும். எச்பியில் மெகாரெய்டுக்குப் பதில் சிசிஐஎஸ்எஸ். மெகாரெய்டில் கேட்கப்படுவது அட்டவணையின் இரண்டாவது பத்தியில் வரும் சாதன எண், இடத்தின் எண் இல்லை. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் பிழைச் செய்தி வராமல் வேறொரு டிஸ்கின் விவரம் வரக்கூடும். அதைப் பார்த்து நல்ல டிஸ்கை மாற்றிவிடும் ஆபத்து உண்டு. விவரத்தோடு வரும் வரிசை எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சாட்டா டிஸ்கில் 5 (மாற்றி ஒதுக்கிய இடங்கள்), 197 (சந்தேகத்துக்குரிய இடங்கள்), 198 (படிக்க முடியாத இடங்கள்) ஆகிய அளவுருக்களைக் கவனியுங்கள். எஸ்ஏஎஸ் டிஸ்கில் அவை இருக்காது. வாங்கிய பின் சேர்ந்த பழுதிடங்களின் பட்டியல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். எஸ்எஸ்டி என்றால் தேய்மான அளவு.

என் சர்வரில் கார்டே இல்லை, லினக்ஸ் மென்பொருள் ரெய்டு. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

தத்துவம் பொருந்தும், கருவி வேறு. /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் இரண்டு டிஸ்க் அர்ரேக்கு [யுயு] என்று இருக்கும். ஒரு டிஸ்க் போனால் [யு_]. அந்த அடிக்கோடுதான் உங்கள் எச்சரிக்கை. மென்பொருள் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் கட்டளையை டீட்டெய்ல், டெஸ்ட் ஆகிய தெரிவுகளோடு ஓட்டினால் வெளியேறு எண்ணே நிலையைச் சொல்லும்: 0 நலம், 1 ஒரு டிஸ்காவது பழுது, 2 அர்ரே பயன்படுத்த முடியாத அளவுக்குப் பழுது, 4 விவரமே எடுக்க முடியவில்லை. வன்பொருள் கருவிகளிடம் இல்லாத நேர்மை இது.

எம்டிஆடமுக்குக் கண்காணிப்பு முறையும் உள்ளேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பில் மின்னஞ்சல் முகவரி கொடுத்துவிட்டால் டிஸ்க் பழுது, ஸ்பேர் குறைவு போன்றவற்றைத் தானே அனுப்பும். சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் வசதி வேலை செய்தால், அவ்வளவுதான்.

பெட்ரோல் ரீட், கன்சிஸ்டன்சி செக் இரண்டும் ஒன்றா?

இல்லை. பெட்ரோல் ரீட் ஒவ்வொரு டிஸ்கையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும். மெகாரெய்டில் வழக்கமான இடைவெளி 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். கன்சிஸ்டன்சி செக் தரவும், தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும். சர்வர் மெதுவாகிறது என்று இரண்டையும் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. நிறுத்தினால் மீடியா எரர் கணக்கு அழகாகப் பூஜ்யத்திலேயே நிற்கும், யாரும் தேடாததால்.

எச்சரிக்கை மின்னஞ்சல் வர ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

கெட்ட சொற்களைத் தேடாதீர்கள். டீகிரேடட், ஃபெயில்டு, ஆஃப்லைன் என்று பட்டியல் போட்டால், கண்ட்ரோலரின் அடுத்த ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) புதிதாக ஒரு சொல்லைக் கொண்டுவரும்போது ஸ்கிரிப்ட் வாயை மூடிக்கொள்ளும். நல்ல சொற்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்: மெய்நிகர் டிஸ்க் ஆப்டிமல், நிஜ டிஸ்க் ஆன்லைன் அல்லது ஹாட் ஸ்பேர், பேட்டரி ஆப்டிமல். இவை தவிர எது வந்தாலும், வெளியீடு வெறுமையாக வந்தாலும் எச்சரிக்கை. டிஸ்குகளின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். அட்டவணையிலிருந்தே காணாமல்போன டிஸ்குக்கு நிலைச் சொல் எதுவும் இருக்காது.

கட்டளையின் முடிவில் ஜே என்ற எழுத்தைச் சேர்த்தால் வெளியீடு நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் வரும். அட்டவணையின் பத்திகளை இடைவெளி எண்ணிப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். நேகியோஸ் போன்ற கண்காணிப்பு அமைப்புடன் இணைப்பதாக இருந்தால் ஸ்கிரிப்ட் 0, 1, 2, 3 என்ற எண்களைத் திருப்ப வேண்டும்: நலம், எச்சரிக்கை, ஆபத்து, தெரியவில்லை. கருவி பதில் சொல்லாதபோது 3, ஒருபோதும் 0 இல்லை.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் சேவையில்) போட்டால் எதுவும் வருவதில்லை. என்ன தவறு?

அநேகமாகப் பாதை. ஸ்டோர்சிஎல்ஐ வழக்கமாக /ஆப்ட்/மெகாரெய்டு கோப்புறைக்குள் போய் உட்கார்கிறது. கிரானுக்கு அந்த இடம் தெரியாது, முழுப் பாதையையும் கொடுங்கள். அடுத்தது அனுமதி: கண்ட்ரோலரிடம் பேச ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) வேண்டும். கண்காணிப்புப் பயனருக்கு முழு ரூட் கொடுக்காமல், ஷோ கட்டளையை மட்டும் சுடோ வழியாக அனுமதித்தால் போதும். இதே கருவிதான் அர்ரேயை அழிக்கவும் செய்யும்.

இன்னொரு தொல்லை. ஒவ்வொரு முறையும் நடப்புக் கோப்புறையில் ஸ்டோர்சிஎல்ஐ ஒரு லாக் கோப்பை எழுதிவைக்கும். எழுத அனுமதி இல்லாத இடமென்றால் சிக்கல், இருக்கும் இடமென்றால் குப்பை. கட்டளையில் நோலாக் என்று சேர்த்துவிடுங்கள்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கலாம்? ஐந்து நிமிடம் வைத்தேன், மின்னஞ்சல் குவிந்துவிட்டது.

நிலைச் சொற்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிழைக் கணக்குக்கும் ஸ்மார்ட்டுக்கும் நாளைக்கு ஒருமுறை போதும். மின்னஞ்சலை நிலை மாறும்போது மட்டும் அனுப்புங்கள். சரியாகும்வரை தினமும் காலையில் ஒரு நினைவூட்டல். ஒரு டிஸ்குக்காக இருநூறு மின்னஞ்சல் வாங்கியவர் அடுத்த நாளே அவற்றைத் தனி கோப்புறைக்குத் திருப்பிவிடும் விதியை எழுதிவிடுவார். அதன் பிறகு நீங்கள் என்ன அனுப்பினாலும் ஒன்றுதான்.

எச்சரிக்கை உண்மையில் வருமா என்று சோதிக்க ஒரு டிஸ்கைப் பிடுங்கிப் பார்க்கட்டுமா?

பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் வேண்டாம். ஸ்டோர்சிஎல்ஐ வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, ஒரு டிஸ்கின் நிலையை மட்டும் மாற்றி, அந்தக் கோப்பை ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். மின்னஞ்சல் உங்கள் கைப்பேசிவரை வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வரியை முழுதாக நீக்கி, பிறகு கோப்பையே காலியாக்கிச் சோதியுங்கள். எம்டிஆடமின் கண்காணிப்பு முறையில் டெஸ்ட் தெரிவு சோதனைக் கடிதத்தைத் தானே அனுப்பிவிடும்.

கண்காணிக்கும் ஸ்கிரிப்டே நின்றுபோனால் யார் சொல்வது என்பது அடுத்த கேள்வி. கடைசியாக எப்போது வெற்றிகரமாக ஓடியது என்பதை வேறொரு இயந்திரம் பார்க்க வேண்டும். ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்பு அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு இது எளிது: அதற்குச் சர்வரின் அளவீடுகளைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் படிக்கும் உரைக்கோப்பு கடைசியாக மாறிய நேரமும் ஓர் அளவீடாகவே கிடைக்கிறது. அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் எச்சரிக்கை.

கண்ட்ரோலர் பீப் பீப் என்று கத்துகிறது. எப்படி நிறுத்துவது?

செட் அலாரம்=சைலன்ஸ் என்றால் இப்போதைய கூச்சல் மட்டும் நிற்கும். அலாரம்=ஆஃப் என்றால் அடுத்த டிஸ்க் போகும்போதும் கத்தாது. முதலாவதைப் போடுங்கள்.

எந்த டிஸ்கை உருவ வேண்டும் என்று எப்படி உறுதிசெய்வது?

ஸ்டோர்சிஎல்ஐ /சி0/இ252/எஸ்3 ஸ்டார்ட் லொகேட் என்றால் அந்த டிஸ்கின் விளக்கு மின்னும். செத்த டிஸ்கில் விளக்கும் செத்திருக்கலாம். அப்போது மற்ற டிஸ்குகளை மின்னச் செய்து மிஞ்சியதைக் கண்டுபிடியுங்கள். உருவுவதற்கு முன் வரிசை எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சர்வர் அறையில் நிற்பவர் வேறொருவர் என்றால், “மூன்றாவது டிஸ்க்” என்று தொலைபேசியில் சொல்லவே சொல்லாதீர்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணுவது பற்றி மேலே சொன்னேன்.

புது டிஸ்க் போட்டும் ரீபில்ட் தொடங்கவில்லை. ஃபாரின் என்று ஏதோ காட்டுகிறது.

அந்த டிஸ்க் முன்பு வேறோர் அர்ரேயில் இருந்திருக்கிறது. பழைய அமைப்பின் குறிப்பு அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கண்ட்ரோலர் தொடத் தயங்குகிறது. /சி0/எஃப்ஆல் ஷோ என்று பார்த்து, அது வெளியிலிருந்து வந்த அந்த ஒரு டிஸ்க்தான் என்று உறுதியானால் குறிப்பை நீக்கலாம். டிஸ்கின் அளவு பழையதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும் ரீபில்ட் தொடங்காது.

மின்தடைக்குப் பிறகோ கேபிள் கழன்ற பிறகோ பல டிஸ்குகள் ஒரே நேரத்தில் ஃபாரின் என்று வந்தால் கதை வேறு. அவை உங்கள் அர்ரேயேதான். அங்கே நீக்கு என்ற கட்டளை அர்ரேயின் அமைப்பையே துடைத்துவிடும். செய்ய வேண்டியது இம்போர்ட். அதற்கும் முன்னால், எல்லா டிஸ்கும் ஒரே நேரத்தில் விலகினவா என்று நிகழ்வு லாகில் பாருங்கள். ஒன்று ஒரு வாரம் முன்பே விலகியிருந்தால் அதிலிருப்பது பழைய தரவு; அனுபவமுள்ளவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ரீபில்ட் 60 சதவீதத்தில் இருக்கும்போது மற்றொரு டிஸ்கில் மீடியா எரர் ஏறுகிறது. நிறுத்தவா, விடவா?

ரெய்டு 6 என்றால் விடுங்கள். இரண்டாவது பாரிட்டி அந்த இடத்தைச் சரிக்கட்டிவிடும். ரெய்டு 5 என்றால் படிக்க முடியாத இடத்தைக் கணக்கிட்டு எடுக்க வழியில்லை. மெகாரெய்டு பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் பழுதென்று குறித்துவிட்டு மேலே போகும். ரீபில்ட் முடிந்து ஆப்டிமல் என்று வந்தாலும் உள்ளே ஓட்டை இருக்கும். சாதாரண டிஸ்குகளுக்கு உற்பத்தியாளர் தரும் படிப்புப் பிழை வரம்பு 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்று. அதாவது சுமார் 12.5 டிபி. பெரிய டிஸ்குகளில் ரெய்டு 5 வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இப்போதே செய்ய வேண்டியது: எழுதும் வேலைகளைக் குறைத்து, முக்கியமான தரவை வேறு இயந்திரத்துக்கு நகலெடுங்கள், ஏற்கெனவே காப்புநகல் இருந்தாலும். முடிந்த பிறகு அந்த இரண்டாவது டிஸ்கையும் மாற்றி, கன்சிஸ்டன்சி செக் ஓட்டி, கோப்புகளைச் சரிபாருங்கள்.

மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஸ்டோர்சிஎல்ஐ நிறுவினேன், கண்ட்ரோலர் இல்லை என்கிறது.

அங்கே இருக்காது. நிஜக் கார்டு அடியில் இருக்கும் ஹோஸ்டிடம் இருக்கிறது, அங்கே ஓட்டுங்கள். ஹோஸ்டில் ஓடும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐக்கும் தனிப் பொதி உண்டு.

நிகழ்வு லாகில் நேரம் பொருந்தவே இல்லை. டிஸ்க் எப்போது போனது என்று எப்படிச் சொல்வது?

ஸ்டோர்சிஎல்ஐ /சி0 ஷோ ஈவென்ட்ஸ் தரும் நேரம் கண்ட்ரோலரின் சொந்தக் கடிகாரம். சர்வர் துவங்கி டிரைவர் ஏறும் முன் நடந்தவற்றுக்கு நேரமே இருக்காது; துவங்கியதிலிருந்து இத்தனை நொடி என்று மட்டும் இருக்கும். ஷோ டைம் என்று கேட்டு சர்வரின் நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு லாகைப் படியுங்கள். அதன் பிறகு செட் டைம்=சிஸ்டம்டைம் கொடுத்துச் சரிசெய்யலாம். வரிசை முக்கியம்: முதலில் சரிசெய்துவிட்டால் பழைய வரிகள் எவ்வளவு தள்ளியிருந்தன என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. உத்தரவாதத்தில் டிஸ்க் கேட்கும்போது இந்த லாகை அனுப்பச் சொல்வார்கள், அதனால் மாற்றுவதற்கு முன் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள்.